இஞ்சினைப் பிரிக்கும் முன் அளந்து பாருங்கள்!

“காராக் நெடுஞ்சாலையில், கெந்திங் செம்பா நோக்கிச் செல்லும் வழியில் லோரி ஒன்று பழுதடைந்துள்ளது. இடது தடம் அடைபட்டிருக்கிறது. அவ்வழியே செல்வோர் கவனமாகச் செல்லுங்கள்.”

வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பது என் வேலை. இப்படி ஓர் அறிவிப்பை அடிக்கடி வாசிக்கிறேன். வாசித்து முடிக்கப் பத்து விநாடி. அடுத்து ஒரு பாடல். நெரிசலில் மாட்டிக்கொண்ட நேயர்கள் அந்த லோரியை மனத்துக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால், சாலையோரம் எச்சரிக்கை முக்கோணத்தை வைத்துவிட்டு வெயிலில் நிற்கும் அந்த ஓட்டுநருக்கு நாள் அவ்வளவு சீக்கிரம் முடியாது. லோரி அவருக்குச் சொந்தமானது என்றால் அந்த மாதமே முடியாது.

நம் குடும்பங்களில் லோரியை நம்பிப் பிழைத்தவர் ஒருவராவது இருப்பார். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றிய தாத்தா, துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் மாமா, விடியற்காலையில் காய்கறி இறக்கும் அண்ணன் என்று யாரோ ஒருவர். அவர்கள் சம்பாதிப்பது அந்த இஞ்சினால்தான். அதற்கு உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? சரியில்லை என்றால் எவ்வளவு சரியில்லை? இதற்கு விடை தேடிக் கிள்ளானில் ஒரு பட்டறையில் ஒரு பகல் முழுக்க நின்றேன். நிற்க வைத்தவர் என் சித்தப்பா.

20,000 ரிங்கிட் கேள்வி

சித்தப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு லோரி. ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின். செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கிள்ளானிலிருந்து குவாந்தான் பக்கம் உரம், சிமெண்டு ஏற்றிச் செல்வார். திரும்பும்போது கிடைத்த சரக்கை ஏற்றி வருவார்.

சில மாதங்களாக அந்த லோரி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. சாவியைத் திருப்பி வெகுநேரம் சுற்றவிட்டால்தான் உயிர் வரும். வந்ததும் வெள்ளைப் புகை. இஞ்சின் சூடாகும்வரை ‘டக் டக்’ என்று ஒரு சத்தம். சூடானதும் எல்லாம் அடங்கிவிடும். கோம்பாக் ஏற்றத்தில் மட்டும், முன்பு நான்காம் கியரில் ஏறிய வண்டி மூன்றாம் கியருக்கு இறங்க ஆரம்பித்தது.

முதலில் போன பட்டறையில் சத்தத்தைக் கேட்டார்கள், புகையைப் பார்த்தார்கள். “இஞ்சின் முடிஞ்சது பாஸ். ஓவர்ஹால் பண்ணணும்” என்றார்கள். ஏறக்குறைய 20,000 ரிங்கிட் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். அவர்கள் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அனுபவத்தை வைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் எதையும் அளக்கவில்லை.

அன்று இரவு சித்தப்பா வீட்டில் நடந்த பேச்சு இஞ்சினைப் பற்றியது அல்ல. சித்தி மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கென்று கட்டிவந்த சீட்டை இப்போதே எடுப்பதா, நகையை அடகு வைப்பதா, லோரியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கம்பெனி லோரி ஓட்டப் போவதா என்பது பற்றியது. சித்தப்பாவுக்கு வயது 54. இந்த வயதில் மறுபடி ஒருவரிடம் கைகட்டி வேலை கேட்க அவருக்கு மனமில்லை.

கூட்டாளி ஒருவர் சொன்ன யோசனையால் மேரு பக்கம் உள்ள ஒரு ஃபோர்மனிடம் போனார். அறுபதைத் தாண்டியவர். நானும் உடன் போனேன். “காலைல டிராஃபிக் சொல்ற பொண்ணு நீதானாம்மா?” என்று கேட்டு உட்கார ஒரு ஸ்டூல் போட்டார். சித்தப்பா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே வரியில் பதில் சொன்னார்: “டாக்டரு வயித்தக் கிழிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்குறாருல்ல? நாமளும் எடுத்துப் பாத்துருவோம் தம்பி.”

அவர் சொன்ன ஸ்கேன்தான் கம்ப்ரஷன் டெஸ்ட்.

தீப்பொறி இல்லாத நெருப்பு

இந்தச் சோதனை ஏன் டீசல் இஞ்சினுக்கு இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, அதற்குள் நெருப்பு எப்படிப் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும்.

நம் காரின் பெட்ரோல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் இருக்கிறது. அது பொறி தட்டியதும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். டீசல் இஞ்சினில் அப்படி எதுவும் கிடையாது. பிஸ்டன் மேலே எழும்பும்போது உள்ளே இருக்கும் காற்றை நெருக்குகிறது. லோரி இஞ்சின்களில் காற்று ஏறக்குறைய 16 முதல் 18இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்படி நெருக்கப்படும் காற்று கொதிக்கிறது. 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய்விடும். அந்த நொடியில் இஞ்செக்டர் டீசலை நுண்ணிய தூறலாகப் பீய்ச்சுகிறது. டீசல் தானாகவே பற்றிக்கொள்ள 200 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே போதும் என்பதால், பொறியே தேவைப்படுவதில்லை.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். நெருப்புப்பெட்டி பரவுவதற்கு முன்பே, நாம் வாழும் இந்த மலாய்த் தீவுக்கூட்டத்தின் மக்கள் மரத்திலும் கொம்பிலும் மூங்கிலிலும் செய்த சிறு குழாய்க்குள் ஒரு தண்டைச் சட்டென்று அடித்து, காற்றை நெருக்கிப் பஞ்சில் தீ மூட்டினார்கள். ருடோல்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இஞ்சினும் இதே அடிப்படையில் இயங்கியதுதான்.

ஆக, டீசல் இஞ்சினுக்கு நெருக்கம்தான் நெருப்பு. சிலிண்டரில் எங்கோ ஒரு கசிவு இருந்தால் காற்று போதிய அளவு நெருங்காது. நெருங்காவிட்டால் சுடாது. சுடாவிட்டால் டீசல் எரியாமல் ஆவியாக வெளியேறும். குளிர்ந்த இஞ்சினில் வரும் அந்த வெள்ளைப் புகை பெரும்பாலும் இதுதான். சூடானதும் சரியாகிவிடுவதற்குக் காரணம், சுற்றியிருக்கும் இரும்பின் வெப்பம் குறையை ஈடுகட்டிவிடுவது. அதனால் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை.

சோதனை நடந்த விதம்

ஃபோர்மன் முதலில் இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கினார். உலோகம் விரிந்து, எண்ணெய் எல்லா இடமும் பரவிய பிறகு எடுக்கும் அளவுதான் உண்மையான அளவு. அடுத்து பேட்டரியைப் பார்த்தார். லோரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட்டாக இணைத்திருப்பார்கள். பேட்டரி சோர்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் நல்ல சிலிண்டரும் குறைந்த எண்ணைத்தான் காட்டும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் அப்படித்தான். “பேட்டரிய பாக்காம அளந்துட்டு இஞ்சின் போச்சுன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்கம்மா” என்றார்.

பிறகு டீசல் வருவதை நிறுத்தினார். இதை மறந்தால் கழற்றிய குழாய்களிலிருந்து டீசல் பீய்ச்சும். ஆறு இஞ்செக்டர்களையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். எது எந்த சிலிண்டருடையது என்று குறித்தும் கொண்டார். முதல் சிலிண்டரின் இஞ்செக்டர் ஓட்டையில் ஓர் இணைப்பைத் திருகி, அதில் மீட்டரைப் பொருத்தினார். சில இஞ்சின்களில் குளோ பிளக் ஓட்டையில் பொருத்துவார்கள்.

மீட்டரைக் காட்டி ஒன்று சொன்னார். பெட்ரோல் காருக்கு வைத்திருக்கும் மீட்டர் பெரும்பாலும் 300 பி.எஸ்.ஐ. வரைதான் காட்டும். டீசல் இஞ்சின் அதையெல்லாம் அநாயாசமாகத் தாண்டிவிடும். எனவே 1,000 பி.எஸ்.ஐ. வரை தாங்கும் டீசல் மீட்டர்தான் வேண்டும்.

“சித்தப்பா, சாவியைத் திருப்புங்க” என்று நான்தான் குரல் கொடுத்தேன். ஐந்தாறு விநாடி சுற்றியது. முள் முதல் சுற்றிலேயே உயரத் தாவி, அடுத்தடுத்த சுற்றுகளில் இன்னும் கொஞ்சம் ஏறி நின்றது. மீட்டருக்குள் ஒரு தடுப்பு வால்வு இருப்பதால், எட்டிய உச்ச அளவு அப்படியே நிற்கும். எழுதிக்கொண்டோம். காற்றை வெளியேற்றிவிட்டு அடுத்த சிலிண்டர்.

எனக்கும் முள்ளுக்கும் பழக்கம் உண்டு. ஒலிபரப்புக்கூடத்தில் என் குரலின் அளவைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவேன். ஆனால் ஒரு முள் எங்கே போய் நிற்கப் போகிறது என்று ஒரு குடும்பமே காத்திருந்து பார்த்தது அன்றுதான்.

ஆறு எண்கள்

முதல் சிலிண்டர் 410. இரண்டாவது 405. மூன்றாவது 400. சித்தப்பாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. நான்காவது 290. ஐந்தாவது 280. ஆறாவது மறுபடியும் 400.

அந்த இஞ்சினுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அதைச் செய்த நிறுவனத்தின் சர்வீஸ் புத்தகம்தான் சொல்லும். பொதுவாக நல்ல நிலையில் உள்ள டீசல் இஞ்சின்கள் ஸ்டார்ட்டரில் சுற்றும்போது 350 முதல் 500 பி.எஸ்.ஐ. வரை காட்டும். ஆனால் ஃபோர்மன் தனித்தனி எண்ணைவிட எண்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தைத்தான் முதலில் பார்த்தார். ஆகக் கூடுதலான சிலிண்டருக்கும் ஆகக் குறைவானதற்கும் இடையே 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ கோளாறு என்பது பட்டறைகளில் பின்பற்றும் கணக்கு. இங்கே வித்தியாசம் 30 விழுக்காட்டுக்கும் மேல்.

“ஆறும் ஒரே மாதிரி 280 காட்டியிருந்தா, முதல்ல பாத்தவங்க சொன்னது சரின்னு நானே சொல்லியிருப்பேன். இஞ்சின் முழுசா தேஞ்சிருக்குன்னு அர்த்தம். இங்க நாலு சிலிண்டர் நல்லா இருக்கு. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு மட்டும் படுத்துருச்சு. அது வேற கத.”

அந்த வேறு கதை என்ன என்பதை ஊகிக்கும் அனுபவம் அவருக்கு இருந்தது. இருந்தாலும் அதையும் சோதித்துத்தான் சொன்னார்.

காற்று எங்கே போகிறது?

பெட்ரோல் இஞ்சினில் ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால், அதற்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி மறுபடி அளப்பது ஒரு பழைய வழி. எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். டீசல் இஞ்சினில் அதைச் செய்யக்கூடாது. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் மிகவும் சிறியது. ஊற்றிய எண்ணெயே அந்த இடத்தை நிரப்பிப் பொய்யான எண்ணைக் காட்டும். அளவு மிஞ்சினால், திரவம் நெருங்காது என்பதால் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

அதற்குப் பதிலாக அவர் செய்தது கசிவுச் சோதனை. நான்காம் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தினார். கம்ப்ரசரிலிருந்து அதற்குள் காற்றைச் செலுத்தினார். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் போனார்.

காற்று உள்ளே வரும் குழாயில் ‘உஸ்’ என்று கேட்டால் உள்வால்வு சரியாக மூடவில்லை. புகைக்குழாயில் கேட்டால் வெளிவால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் கிழிந்து காற்று தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது. ஒலியைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த அரைமணி நேரம் ஒரு பாடம். எங்கே சத்தம் வருகிறதோ அங்கே நோய்.

எங்கள் லோரியில் உள்வால்வு, வெளிவால்வு, எண்ணெய் வாய் மூன்றும் அமைதி. ரேடியேட்டரில் குமிழி இல்லை. ஐந்தாம் சிலிண்டரின் இஞ்செக்டர் ஓட்டையில் கையை வைத்தார். காற்று கையில் அடித்தது. நான்காவதில் விட்ட காற்று ஐந்தாவது வழியாக வெளியே வருகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள ஹெட் கேஸ்கெட் எரிந்துபோயிருக்கிறது.

மறுநாள் சிலிண்டர் ஹெட்டைத் தூக்கிப் பார்த்தபோது அதேதான். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே கேஸ்கெட்டில் விரல் நகம் அளவுக்குக் கரிந்த ஒரு பள்ளம். ஹெட் லேசாக வளைந்திருந்ததால் அதைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பிச் சமப்படுத்தினார்கள். புதிய கேஸ்கெட், புதிய போல்ட்டுகள், இஞ்செக்டர்களுக்குப் புதிய செம்பு வாஷர்கள். மொத்தச் செலவு முதலில் சொன்ன தொகையில் கால்வாசிகூட வரவில்லை. சித்தியின் சீட்டு தப்பியது.

முள் முன்பே சொன்னது

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கேஸ்கெட் ஏன் எரிந்தது என்று ஃபோர்மன் கேட்டார். இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால்தான் ஹெட் வளையும், கேஸ்கெட் எரியும்.

சித்தப்பா யோசித்துச் சொன்னார். தண்ணீர் முள் முன்பெல்லாம் நடுவில்தான் நிற்கும். கொஞ்ச காலமாகவே ஏற்றத்தில் நடுவைத் தாண்டி இரண்டு கோடு மேலே போய், கெந்திங் செம்பாவைத் தாண்டி இறங்கியதும் பழைய இடத்துக்கு வந்துவிடுமாம். “சிவப்புக்குப் போகலையேண்ணே. அதான் விட்டுட்டேன்” என்றார்.

“சிவப்பு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா அது எச்சரிக்கை இல்ல தம்பி, எட்டாம் நாள் காரியம்.”

ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால், காற்று புகும் தகடுகளில் பாதி, மண்ணும் பூச்சியும் சேர்ந்து இறுகிக் கிடந்தன. காற்றாடியை இயக்கும் ஃபேன் கிளட்சும் தளர்ந்திருந்தது. சமதரையில் அது தெரியவில்லை. முழுச் சுமையோடு ஏறும்போது மட்டும் இஞ்சின் மூச்சுத் திணறியிருக்கிறது. அந்த இரண்டு கோடுதான் அதன் முறையீடு.

கம்ப்ரஷன் டெஸ்டில் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் பேசுவதுபோல, டாஷ்போர்டில் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையிலான வித்தியாசம் பேசுகிறது. சிவப்புக்கோடு எல்லா லோரிக்கும் பொது. உங்கள் லோரியின் முள் வழக்கமாக எங்கே நிற்கும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எந்த முள் என்ன சொல்கிறது?

பழைய வகை அழுத்த மீட்டருக்குள் இருப்பது வளைந்த ஒரு தட்டைக் குழாய். பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் ஊதும் காகித ஊதலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊதினால் சுருள் விரியும். அதேபோல அழுத்தம் ஏறும்போது குழாய் நிமிரப் பார்க்கும், அதனோடு இணைந்த முள் நகரும். பிரான்சின் யூஜீன் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஃபோர்மனின் கம்ப்ரஷன் மீட்டருக்குள்ளும் இதுதான் இருந்தது. இன்றைய லோரிகளின் டாஷ்போர்டில் மின்னணு உணரிகள் இந்த வேலையைச் செய்கின்றன. சொல்லும் செய்தி மாறவில்லை.

தண்ணீர் வெப்பம்: பெரும்பாலான இஞ்சின்கள் 80 முதல் 95 டிகிரிக்குள் ஓடும். ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் முழுவதும் ஒழுகிப்போனால் உணரி வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் ஏறாமல் இருக்கலாம், கீழே இறங்கவும் செய்யலாம். சூடான இஞ்சினில் முள் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள், ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ஆனால் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

எண்ணெய் அழுத்தம்: இஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போது இந்த முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. வேகம் கூடினால் ஏற வேண்டும். நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு ஏறக்குறைய 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய ஃபோர்மன்கள் வைத்திருக்கும் கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், அடுத்த எண்ணெய் நிலையம் வரை ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பாக ஒதுங்கி இஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னொன்று: எண்ணெய்க் குச்சியில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனால் டீசலோ தண்ணீரோ எண்ணெயில் கலக்கிறது.

டர்போ அழுத்தம்: டர்போ எவ்வளவு காற்றை இஞ்சினுக்குள் தள்ளுகிறது என்பதைக் காட்டும். இது எல்லா லோரியிலும் இருக்காது, தனியாகப் பொருத்திக்கொள்ளலாம். அதே ஏற்றத்தில், அதே சுமையோடு வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டினால், இன்டர்கூலர் குழாயில் வெடிப்போ, அடைத்த ஏர் ஃபில்டரோ இருக்கலாம்.

புகைவாயு வெப்பம்: இதுவும் பெரும்பாலும் தனியாகப் பொருத்துவதுதான். சிலிண்டருக்குள் எரியும் நெருப்பின் சூட்டை மிக விரைவாகச் சொல்லும் மீட்டர் இது. தண்ணீர் முள் நகரச் சில நிமிடங்கள் ஆகும். இது சில விநாடிகளில் நகரும். டர்போவுக்கு முன்னால் பொருத்தினால், தொடர்ந்து 650 - 700 டிகிரிக்கு மேல் ஓடவிடாமல் பார்த்துக்கொள்வது பலர் கடைப்பிடிக்கும் எல்லை. பல பிஸ்டன்கள் அலுமினியக் கலவையால் ஆனவை என்பதையும், சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதையும் நினைவில் வைத்தால் காரணம் புரியும். எண்ணெய் அடியிலிருந்து குளிர்விப்பதால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. டர்போ அழுத்தம் இறங்கி, இந்த வெப்பம் ஏறினால் இஞ்சினுக்குக் காற்று போதவில்லை. காலைத் தூக்குங்கள், கியரைக் குறையுங்கள்.

வோல்ட் மீட்டர்: 24 வோல்ட் லோரியில் இஞ்சின் ஓடும்போது 27, 28 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 24ஐ ஒட்டியே நின்றால் நாளைக் காலை வண்டி கிளம்பாது.

காற்று பிரேக் அழுத்தம்: இது இஞ்சினுடையது அல்ல, ஆனால் உயிருடையது. ஏறக்குறைய 60 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் எச்சரிக்கை ஒலிக்கும். அழுத்தம் முழுமையாக ஏறும்வரை வண்டியை நகர்த்தக்கூடாது.

555 புத்தகத்தில் ஒரு கணக்கு

மளிகைக்கடைக் கடனை எழுதிவைக்க நம் வீடுகளில் வைத்திருந்த சின்ன 555 நோட்டுப் புத்தகம் நினைவிருக்கிறதா? சித்தப்பா இப்போது ஒன்றை டாஷ்போர்டில் வைத்திருக்கிறார். வண்டியை நிறுத்திய பிறகு வாரத்துக்கு ஒரு வரி எழுதுகிறார். எந்த ஏற்றம், என்ன சுமை, தண்ணீர் முள் எங்கே நின்றது, எண்ணெய் முள் எங்கே நின்றது, எத்தனை லிட்டர் டீசல். அவ்வளவுதான். புத்தகத்தின் உள் அட்டையில் ஆறு எண்களை எழுதி ஒட்டியிருக்கிறார். பழுதுபார்த்த பின் மறுபடி அளந்தபோது வந்தவை அவை. எல்லாம் 395க்கும் 410க்கும் இடையில்.

அடுத்த ஆண்டு மறுபடி அளக்கப்போகிறாராம். அப்போதும் சூடான இஞ்சின், நல்ல பேட்டரி, அதே பட்டறை. இடமும் முக்கியம். கேமரன் மலையின் தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கிள்ளானைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. அதே இஞ்சின் அங்கே குறைந்த எண்ணைத்தான் காட்டும். ஒப்பிட வேண்டுமானால் ஒரே மாதிரி நிலையில் அளக்க வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

இது லோரி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான செய்தி அல்ல. டீசல் பிக்கப் ஓட்டும் இளைஞர்கள் நம்மிடையே நிறைய. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறிய நாள் அவர்களுக்கு நினைவிருக்கும். கம்ப்ரஷன் குறைந்த இஞ்சின், போட்ட டீசலுக்கு முழு வேலை செய்யாது.

யாராவது ஓவர்ஹால் என்று சொன்னால் மரியாதையாகவே கேளுங்கள்: “கம்ப்ரஷன் எடுத்தீங்களா? ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு வந்தது?” எண்களை எழுதி வாங்குங்கள். பேட்டரியும் ஏர் ஃபில்டரும் நல்ல நிலையில் இருக்கும்போது எடுத்தார்களா என்று கேளுங்கள். எண் குறைவாக இருந்தால், காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். நல்ல ஃபோர்மன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

செகண்ட் ஹேண்ட் லோரியோ பிக்கப்போ வாங்குவதாக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் இதையே கேளுங்கள். வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகின்றன, அங்கே புகையையும் பிரேக்கையும் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சிலிண்டரின் நெருக்கத்தையும் அங்கே அளப்பதில்லை. அதை நாம்தான் கேட்டுச் செய்ய வேண்டும்.

புதிய காமன் ரெயில் இஞ்சின்களில் ஸ்கேனரை இணைத்தே சிலிண்டர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி பலவற்றில் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரும் நெருக்கும்போது இஞ்சின் சுற்றும் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து அது கணக்கிடும். எந்த சிலிண்டர் பலவீனம் என்று காட்டும். சரியான அளவு வேண்டுமானால் மீட்டர்தான். ஆனால் காணொளியைப் பார்த்துவிட்டு வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். அந்த இஞ்சின்களில் டீசல் 1,600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஓடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தெரிந்தவர்கள் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் லோரி ஓட்டும் அப்பாவோ மாமாவோ இருந்தால், அவர் இன்று வேலை முடிந்து வந்ததும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். “ஏற்றத்துல தண்ணி முள்ளு வழக்கமா எங்க நிக்கும்?” அவர் தயங்காமல் ஓர் இடத்தைச் சொன்னால் கவலையில்லை. “முன்ன இங்க நிக்கும், இப்பல்லாம் கொஞ்சம் மேல போகுது” என்று சொன்னால், இந்த வாரமே ஒரு நல்ல பட்டறைக்குக் கூட்டிப்போங்கள்.